பன்னிரண்டரை ஏன் பன்னிரண்டு ஆனது?

போன செமஸ்டரில் நான் 14 மார்க் திருடினேன். எனக்காக இல்லை. எவனுக்கும் பிரயோஜனம் இல்லாமல், திருடுகிறோம் என்று தெரியாமலே திருடினேன். கையும் களவுமாகப் பிடித்தது ஒரு இரண்டாம் வருஷப் பையன்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பயந்து ஓடிவிடாதீர்கள். நிரல் எழுதாதவர்களுக்கும் புரியும்படிதான் சொல்லப்போகிறேன். புரியவில்லை என்றால் தப்பு என்னுடையது :-)

எங்கள் துறையில் இன்டர்னல் மார்க் கணக்குப் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. 2012ல் ஒரு சீனியர் அண்ணன் பைத்தானில் எழுதி வைத்துவிட்டுப் போனது. 80 வரிகூட இருக்காது. இரண்டு டெஸ்ட் மார்க்கையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அந்தச் சராசரியை இருபதுக்கு மாற்றி, அரை வந்தால் அடுத்த முழு எண்ணாக்கி, பட்டியலாக அச்சடித்துத் தரும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பழைய சிஸ்டத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை செய்கிற எதையும் நாம் எட்டிப் பார்ப்பதில்லையே.

அந்தச் சிஸ்டம் ஒரு நாள் மண்டையைப் போட்டது. புதுசு வந்தது, உபுண்டு 22.04 போட்டார்கள், ஸ்கிரிப்டையும் நகல் எடுத்து வைத்தார்கள். ஓடவில்லை. மார்க் போட வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. "நீ பைத்தான் நல்லா எழுதுவியாமே, கொஞ்சம் பாருப்பா" என்றார் எங்கள் மேடம். நமக்குக் கேட்க வேண்டுமா?

பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது. அது பைத்தான் 2ல் எழுதியது. புது சிஸ்டத்தில் இருப்பது பைத்தான் 3. இரண்டும் ஒரே மொழிதான், ஆனால் முழுக்க ஒன்றில்லை. பழையதில் "பிரிண்ட்" என்று எழுதிப் பக்கத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். புதியதில் அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் முதல் அடியிலேயே நின்றுவிடும். "அடைப்புக்குறியைக் காணோமே, இப்படி எழுத நினைத்தீர்களா?" என்று திருத்தத்தையும் அதுவே காட்டும். பழசைப் புதுசாக மாற்ற '2டு3' என்று ஒரு கருவியும் உண்டு. அதை ஓட்டினேன். மிச்சம் இருந்த ஒன்றிரண்டு பிழைகளைக் கையால் சரிசெய்தேன். இரண்டு மணி நேரத்தில் பட்டியல் அச்சாகி வந்தது. மேடம் பாராட்டினார். நான் கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் நோட்டீஸ் போர்டு பக்கத்தில் அந்தப் பையன் என்னை நிறுத்தினான்.

"அண்ணா, ஒரு டவுட். எனக்கு 60, 65. சராசரி 62.5. இருபதுக்கு 12.5 வரும். போர்டுல 12 போட்டிருக்கு."

"சரிடா, அரை மார்க்தானே, கீழே போயிருக்கும்."

"இல்லண்ணா. இவனுக்கு 67.5. அது 13.5. இவனுக்கு மட்டும் 14 போட்டிருக்கு. அரைன்னா மேலேயா, கீழேயாண்ணா?"

பதில் சொல்ல முடியவில்லை. நேராக லேபுக்குப் போய் பைத்தானைத் திறந்து ரவுண்டு(12.5) என்று தட்டினேன். 12 என்றது. ரவுண்டு(13.5) என்று தட்டினேன். 14 என்றது. வயிற்றில் ஏதோ கரைந்தது.

நடந்தது இதுதான். ரவுண்டு என்கிற செயற்கூறு, பைத்தான் 2ல் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி வேலை செய்தது. சரி பாதி வந்தால் மேலே போ. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0ல் இதை மாற்றினார்கள். சரி பாதி வந்தால் பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போ. அதனால் 12.5க்கு 12, 13.5க்கு 14. இது கிறுக்குத்தனம் இல்லை. பாதியை எப்போதும் மேலேயே தள்ளினால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிக்கொண்டே போகும். பாதி தடவை மேலே, பாதி தடவை கீழே போனால் சமனாகிவிடும். வங்கிக்காரர் முறை என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. கணிதத்தில் நல்ல மாற்றம். பையனுக்கு மட்டும்தான் ஒரு மார்க் போய்விட்டது.

'2டு3' கருவி இதைத் தொடவில்லை. எப்படித் தொடும்? எழுத்து மாறினால் கருவிக்குத் தெரியும். எழுத்து அப்படியே இருந்து அர்த்தம் மாறினால் யாருக்குத் தெரியும்? 58 பேர், ஐந்து பாடம், மொத்தம் 290 மார்க். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 14 இடத்தில் ஒரு மார்க் குறைந்திருந்தது. மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற வேண்டிய கடைசி நாள் மறுநாள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "ஓடுதுன்னு சொன்னியேப்பா... சரியா ஓடுதான்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று ராத்திரி எட்டு மணிக்குத் திருத்திய பட்டியலைப் போர்டில் ஒட்டினோம்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். முதலில் வந்தது கோபம். ஒரு மொழியை உருவாக்குகிறவர்கள், ஊரெல்லாம் அதில் எழுதி வைத்த பிறகு, இஷ்டத்துக்கு மாற்றலாமா?

ஸ்கிரிப்ட் மொழிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சி மொழியில் எழுதி, மொழிமாற்றி, ஓடக்கூடிய கோப்பாக வைத்துவிட்டால் அது ஜாடியில் போட்ட ஊறுகாய் மாதிரி. நாளைக்கே சி மொழியில் ஏதாவது மாறினாலும், போட்ட ஊறுகாயின் ருசி மாறாது. ஸ்கிரிப்ட் அப்படி இல்லை. அது சமையல் குறிப்பு. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கிற பாத்திரத்தை வைத்துப் புதிதாகச் சமைக்க வேண்டும். பாட்டி குறிப்பில் "ஒரு ஆழாக்கு" என்று எழுதியிருக்கிறார். பேத்தி வீட்டிலும் ஆழாக்கு இருக்கிறது. ஆனால் அளவு வேறு. குறிப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சாதம் மட்டும் குழைந்துவிட்டது.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமா? அப்படி வாழ்கிற மொழியும் ஒன்று இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்.

1995ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தில் சில விசித்திரங்கள் தங்கிவிட்டன. "நல்" என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆனால் அதன் வகை என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் "ஆப்ஜெக்ட்", அதாவது ஒரு பொருள், என்று பதில் வரும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். திருத்தலாம் என்று பின்னால் ஒரு யோசனைகூட வந்தது. அந்தத் தப்பான பதிலை நம்பி எழுதிய பக்கங்கள் உடைந்துவிடும் என்று கைவிட்டார்கள். இன்றைக்கும் அதே பதில்தான்.

இன்னொரு கதை இதைவிட சுவாரசியம். அடுக்குக்குள் அடுக்காக இருக்கிற பட்டியலைத் தட்டையாக்க ஒரு புது வசதி கொண்டுவர நினைத்தார்கள். "ஃபிளாட்டன்" என்று பெயர். ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தளம் உடைந்தது. காரணம், மூடூல்ஸ் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அது அதே பெயரில் தனக்கென்று ஒன்றை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தது. பட்டியல்களுக்குச் சேர்த்ததை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துத் தன்னுடைய இன்னொரு இடத்துக்கும் நகல் எடுத்துக்கொள்ளும். மொழியிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டால், அது எண்ணிக்கையில் தெரியாத வகையாகிவிடும். நகல் போய்ச் சேராது. 2018 மார்ச்சில் இதை வைத்துப் பெரிய சண்டை. உடைந்தால் உடையட்டும், பழைய நூலகத்துக்காகப் புது மொழி கெட வேண்டுமா என்று ஒரு கட்சி. அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர் என்ன பாவம் செய்தார் என்று இன்னொரு கட்சி. ஃபிளாட்டனுக்குப் பதில் "ஸ்மூஷ்" என்று வைக்கலாமே என்று ஒருவர் விளையாட்டாகச் சொல்ல, அதுவும் சேர்ந்து எரிந்தது. கடைசியில் "ஃபிளாட்" என்று பெயரைச் சுருக்கி 2019 பதிப்பில் சேர்த்தார்கள். பழைய பக்கமும் பிழைத்தது, புது வசதியும் வந்தது.

முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தப் பழைய பக்கத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பார்க்கிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. பிரவுசர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். உடைந்தால் சரிசெய்ய அங்கே ஆளே இல்லை. எங்கள் துறை ஸ்கிரிப்டும் அப்படித்தானே இருந்தது? எழுதியவர் போய்விட்டார். பயன்படுத்துகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.

அந்தச் சீனியர் அண்ணனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். "தம்பி, அது இன்னுமா ஓடுது? நான் ஒரு செமஸ்டருக்குன்னு எழுதினேன்டா" என்று சிரித்தார். 2012லேயே பைத்தான் 3 வந்து நாலு வருஷம் ஆகியிருந்ததே, ஏன் 2ல் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அப்ப ஜாங்கோவே 3ல வரலையேப்பா. நம்ம லேப்ல சொல்லிக் கொடுத்ததும் 2 தான்" என்றார். சரிதான். ஜாங்கோ 2013 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் பைத்தான் 3க்குச் சோதனை முயற்சியாக ஆதரவு கொடுத்தது. நூலகங்கள் வரவில்லை என்று மக்கள் மாறவில்லை, மக்கள் மாறவில்லை என்று நூலகங்கள் வரவில்லை. இப்படியே வருஷக்கணக்கில் இழுத்தது. 2015ல் பைத்தான் 2க்கு மூடுவிழா என்று சொல்லியிருந்ததை, 2014ல் 2020க்குத் தள்ளிவைத்தார்கள். 2020 ஜனவரி 1ம் தேதியோடுதான் கதை முடிந்தது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் உடைத்தார்கள்? இங்கேதான் என் கோபம் ஆட்டம் கண்டது. ஏனென்றால் அந்த உடைப்பின் பெரிய காரணங்களில் ஒன்று நாம்.

முதல் வருஷத்தில் தாத்தாவின் பழமொழி நோட்டைத் தட்டச்சு செய்து, அகர வரிசைப்படி அடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதே பழைய லேப் சிஸ்டம், அதே பைத்தான் 2. "தமிழ்" என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டேன். 15 என்றது. முதல் எழுத்தைக் கொடு என்றேன். ஒரு எழுத்தின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தது; திரையில் ஏதோ பூச்சி மாதிரி தெரிந்தது. பைத்தான் 2க்குச் சாதாரணச் சரம் என்றால் பைட்டுகளின் வரிசை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு, அதனால் அவர்களுக்குப் பிரச்சினையே தெரியாது. தமிழுக்கு யூடிஎஃப்-8ல் ஒரு குறிக்கு மூன்று பைட்டு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஐந்து மூன்று பதினைந்து. யூனிகோடுக்கென்று தனி வகை ஒன்று இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால், ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தவரைக்கும் சமர்த்தாக ஓடும். முதல் முருகனோ முனியம்மாளோ தமிழில் உள்ளே வந்ததும் 128க்கு மேல் போய்விட்டது என்று பிழை காட்டி விழுந்துவிடும்.

பைத்தான் 3ல் சரம் என்றாலே யூனிகோடு. "தமிழ்" என்றால் 5. (மூன்று எழுத்து என்று இன்னும் சொல்லத் தெரியாது. அது வேறு வழக்கு.) முதல் எழுத்தைக் கேட்டால் "த" வரும். என் சொந்த லேப்டாப்பில் இதைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பழையதை உடைக்காதே என்று சொல்வது, ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களுக்குச் செய்யும் நியாயம். வெளியே நிற்கிறவர்களுக்கு அது நியாயம் இல்லை. பைத்தான் 2 அப்படியே இருந்திருந்தால் 2012ல் எழுதிய மார்க் ஸ்கிரிப்ட் பிழைத்திருக்கும். தாத்தாவின் பழமொழிகள் பூச்சியாகவே இருந்திருக்கும். உடைப்பதால் யாருக்கு வலி, உடைக்காததால் யாருக்கு வலி என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

ஆகவே மாற்றலாமா என்பதல்ல என் சண்டை. எப்படி மாற்றுவது என்பதுதான். பிரிண்டை மாற்றினார்கள்; சத்தம் போட்டு நின்றது, இரண்டு நிமிஷத்தில் திருத்தினேன். அந்த மாற்றத்தால் யாருக்கும் மார்க் போகவில்லை. ரவுண்டை மாற்றினார்கள், சத்தமே இல்லை. ஆவணத்தில் எழுதியிருந்தார்கள், நியாயமாகச் சொல்ல வேண்டும். 3.0ல் புதியவை என்ன என்ற பட்டியலில் அது இருக்கிறது. நான் படிக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றம் பாதுகாப்பாக இருக்க எல்லாரும் ஆவணத்தைப் படித்தாக வேண்டும் என்றால், அது பாதுகாப்பு இல்லை.

வகுத்தலிலும் இதே ஆபத்து இருந்தது. பைத்தான் 2ல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3ல் 3.5. ஆனால் அதை முன்கூட்டியே பழகச் செய்தார்கள். 2001ல் வந்த 2.2 பதிப்பிலேயே, கோப்பின் தலையில் "எதிர்காலத்திலிருந்து வகுத்தலைக் கொண்டுவா" என்று ஒரு வரி எழுதினால் புது வகுத்தல் கிடைக்கும். எழுதாதவருக்குப் பழையதே. மீதியை விட்டுவிடும் பழைய வகுத்தல் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு. நம் சீனியர் அண்ணனும் விவரமானவர், 2 என்று எழுதாமல் 2.0 என்று வகுத்திருந்தார். அதனால்தான் வகுத்தலில் தப்பித்தோம். ரவுண்டுக்கு அப்படி ஒரு வாசல் வைக்கவில்லை.

பட்ட பிறகு பைத்தான்காரர்களும் மாறியிருக்கிறார்கள். பழைய யூனிகோடு சரங்களின் முன்னால் போடும் "யூ" என்ற எழுத்தை 3.0ல் தூக்கி எறிந்தார்கள். இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுத முடியவில்லை என்று எல்லாரும் புலம்ப, 2012ல் 3.3 பதிப்பில் திருப்பிக் கொடுத்தார்கள். 2018ல் 3.7 பதிப்பில் "அசிங்க்" என்ற சொல்லை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதே பெயரை வைத்திருந்த நூலகங்கள் உடைந்தன. 2021ல் 3.10 பதிப்பில் "மேட்ச்" வந்தபோது அந்தத் தப்பைச் செய்யவில்லை. தேவையான இடத்தில் மட்டும் அது விசேஷச் சொல், மற்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒன்றை நீக்குவதற்கு முன் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்காவது எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2024 அக்டோபரில் 3.13 பதிப்பில் 19 பழைய கூறுகளை ஒரே வீச்சில் நீக்கினார்கள், ஆனால் 3.11லிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் பயன்படுத்திய '2டு3' கருவியும் அதே 3.13ல் போய்விட்டது. ஆற்றைக் கடந்தாயிற்று, ஓடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். கரையில் இன்னும் எத்தனை துறைகளின் ஸ்கிரிப்ட் நிற்கிறதோ!

சரி, எங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். ரவுண்டை எடுத்துவிட்டு, அரையைக் கூட்டி முழு எண் பகுதியை மட்டும் எடுக்கிற ஒரு சின்னச் செயற்கூறு எழுதினேன். மார்க் என்பதால் கழித்தல் எண் வராது, அது போதும். பக்கத்திலேயே பழைய சிஸ்டம் அச்சடித்த ஒரு வருஷப் பட்டியலையும் போட்டு வைத்திருக்கிறேன். யார் கைவைத்தாலும், புதிதாக வரும் விடையை அந்தப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஓடும். ஒரு மார்க் வித்தியாசம் வந்தாலும் நின்று சத்தம் போடும். மேடம் கேட்ட கேள்வியை இனிமேல் ஸ்கிரிப்டே கேட்கட்டும்.

அந்தப் பையன் லேபுக்கு வந்து பார்த்தான். "அண்ணா, என்ன பேரு வச்சிருக்கீங்க?" என்றான். செயற்கூற்றின் பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தேன். பாதிக்கு_மேலே. பைத்தான் 3ல் அப்படி எழுதலாம். பழைய பைத்தான் 2 பண்ணிய கணக்கை அப்படியே பண்ணுகிற வேலை அதற்கு. ஆனால் பைத்தான் 2ல் அந்தப் பெயரை எழுதவே முடியாது.

அவனுக்கு 13 வந்துவிட்டது. டீ அவன் வாங்கிக் கொடுத்தான்.